வெயிலில் நிற்கும் வண்டி

(சிதம்பரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



போன மாதம் வங்கிக் கடன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா எழுந்து, “கடன் கிடக்கட்டும் மேடம், வெயில் ஏறினா வண்டி நின்னு போவுது, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். “வேற யாருக்கெல்லாம் இந்தத் தொல்லை?” என்று கேட்டேன். பதினோரு கை மேலே போனது. பதினொன்றும் செகண்ட் ஹேண்ட் வண்டி. அதில் எட்டு வண்டி குழுக் கடனில் வாங்கியது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அதனால் இன்றைக்கு வண்டியைப் பற்றியே பேசுகிறேன். நான் படித்தது சமூகப்பணி, மெக்கானிக் வேலை இல்லை. ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எட்டு வருஷமாகப் பழைய வண்டியில்தான் போய்வருகிறேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நான் வண்டியைத் தள்ளாத ஊர் இந்த ரோட்டில் கிடையாது. தள்ளித் தள்ளிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பரங்கிப்பேட்டைப் பக்கத்து உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது. அவரிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

அந்த அக்கா மீன் வியாபாரம். விடியற்காலையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, புவனகிரி வரைக்கும் ஊர் ஊராக விற்பார். குழுக் கடன் 26 ஆயிரம் எடுத்து ஒரு பழைய வண்டி வாங்கினார். மாசி மாதம் வாங்கினார், நன்றாக ஓடியது. சித்திரை பிறந்ததும் ஆரம்பித்தது தொல்லை. காலையில் ஒரு குறையும் இல்லை. பதினோரு மணிக்கு மேல் ரோட்டில் நின்றுவிடும். இருபது நிமிஷம் புளியமர நிழலில் நிறுத்தினால் தானாக ஸ்டார்ட் ஆகும். மறுபடி கொஞ்ச தூரம் போய் நிற்கும். ஐஸ் கரையும், மீன் கெடும், மிச்ச மீனைப் பாதி விலைக்குத் தள்ள வேண்டும்.

ஒரு மெக்கானிக் பிளக் மாற்றினார். இன்னொருவர் கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். மூன்றாமவர் வண்டியைப் பார்த்துவிட்டு, “இன்ஜின் சூடு தாங்கல, போர் பண்ணணும், எட்டாயிரத்து ஐநூறு ஆகும்” என்றார். அக்கா அவசரக் கடன் கேட்டு மனு எழுதிவிட்டார். குழுவும் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டது. அன்றைக்கு நான் அங்கே போனது தற்செயல்தான்.

நான் கேட்ட முதல் கேள்வி, “நிக்கிறப்போ பட்டுனு நிக்குதா, இல்ல இழுத்து இழுத்து நிக்குதா?”

“இழுத்து இழுத்துதான் மேடம். தாகத்துல தவிக்கிற மாதிரி ரெண்டு தடவ குலுங்கி நிக்கும்.”

அடுத்த கேள்வி, “காலையில எவ்வளவு தூரம் நிறுத்தாம ஓட்டுவீங்க?” அக்கா யோசித்தார். காலையில் நிறுத்தாமல் ஓட்டுவதே இல்லை. தெருவுக்குத் தெரு நின்று மீன் விற்கிறார். விற்று முடித்துத் திரும்பும்போதுதான் ஒரே ஓட்டமாக வருகிறார். அந்த நேரம் உச்சி வெயில். ஆகவே வெயில்தான் காரணம் என்று அவரும் நினைத்தார், மூன்று மெக்கானிக்கும் நினைத்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை வியாபாரம் இல்லாத அன்னிக்கு, காலையில அஞ்சரை மணிக்கு, அதே தூரத்தை நிறுத்தாம ஓட்டிப் பாருங்க. நின்னுதுன்னா டேங்க் மூடியைத் திறங்க. என்ன சத்தம் வருதுன்னு கேளுங்க” என்றேன். அதுவரை மனுவை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எனக்கு போன் வந்தது. குளிர்ந்த காற்றில், வெயில் ஒரு பொட்டு இல்லாத நேரத்தில், வண்டி கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றிருக்கிறது. மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. மூடியைப் போட்டு உதைத்தார், உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விட்டு விட்டு வரும், பிறகு நின்றே போகும். எதிரே இன்னொரு ஓட்டை போட்டால் தாராளமாக ஊற்றும். பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு வழி இருக்கும். இவர் வாங்கிய வண்டியில் பழைய மூடி தொலைந்து, யாரோ மாற்று மூடி போட்டிருக்கிறார்கள். அதில் இருந்த சின்ன ஓட்டையை உப்பும் மீன் தண்ணீரும் அடைத்துவிட்டன. அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் அந்த இடைவெளியில் காற்று கசிந்து உள்ளே போய்விடும், தொல்லை தெரியாது. ஒரே ஓட்டமாக ஓட்டினால் டேங்குக்குள் காற்று பற்றாது, பெட்ரோல் இறங்காது. வெயில் மேல் சும்மா பழி.

ஊசியால் குத்தி ஓட்டையைத் திறந்தார். பிறகு புது மூடியே வாங்கிவிட்டார், இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கிழித்த மனு இன்னும் குழுப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சூடான வண்டியில் டேங்க் மூடியைத் திறக்கும்போது முகத்தை மேலே வைக்காதீர்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியில் ஆவி சேர்ந்திருக்கும், மெதுவாகத் திருகுங்கள்.

இப்போது என் வண்டிக் கதை. அதில் வெயில் உண்மையாகவே குற்றவாளி.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் மதியம் கடற்காற்று இறங்கினால் நாம் பிழைத்தோம். மேல்காற்று தள்ளினால் கடலூரும் விருத்தாசலம் மாதிரிதான் காயும். அப்படி ஒரு நாள் வெள்ளாற்றுப் பாலம் தாண்டி என் வண்டி நின்றது. இழுத்து நிற்கவில்லை, ஸ்விட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றது. மூடியைத் திறந்தேன், சத்தம் இல்லை. பெட்ரோல் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது மாலை ஆறு மணி, வண்டி அருமையாக ஓடுகிறது. “நல்லாத்தானே இருக்குது மேடம்” என்று அனுப்பிவிட்டார். இப்படி மூன்று தடவை. நானே பொய் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான்காவது தடவை வண்டி நின்ற இடத்திலிருந்து தள்ளிக்கொண்டே போய், பக்கத்தில் இருந்த வேறொரு மெக்கானிக்கிடம் சூட்டோடு விட்டேன். வயதானவர். பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, இன்ஜின் இரும்பில் ஒட்ட வைத்து உதைத்துப் பார்த்தார். பொறி வரவே இல்லை. ஈரத் துணியைப் பிழிந்து இக்னிஷன் காயில் மேல் பத்து நிமிஷம் சுற்றி வைத்தார். மறுபடி உதைத்தார், நீலப் பொறி பளிச்சென்று வந்தது. காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று சூட்டில் விட்டுப்போகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது என்றார். காயில் மாற்றியதும் தீர்ந்தது. சில வண்டிகளில் இதே வேலையை சி.டி.ஐ. என்ற சின்னப் பெட்டி செய்யும். நம் கடலோரத்தில் உப்புக் காற்றால் ஒயர் இணைப்புகள் பச்சையாகப் பூத்துப்போவதும் உண்டு, அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்தப் பொறிச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். சூடான பிளக் கையைச் சுடும், கையில் ஷாக் அடிக்கும், பெட்ரோல் பக்கத்தில் பொறி விளையாட்டு வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது வண்டியைச் சூட்டோடு கொண்டுபோவது மட்டும்தான். ஆறின வண்டியைக் காட்டி வெயில் நோயைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் ஊகம்தான் செய்வார். அந்த ஊகத்துக்குக் காசு கொடுப்பது நாம்.

ஆக, இழுத்து இழுத்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் வழி. பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் வழி. மூன்றாவது ஒன்று உண்டு. ஓடும்போது குறை இல்லை, ஆனால் சூட்டில் நிறுத்திவிட்டு மறுபடி உதைத்தால் எடுக்காது. காலையில் ஒரே உதையில் எடுக்கும். இது நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில் வால்வு இடைவெளி குறைந்துபோனதால் வரலாம். இன்ஜினுக்குள் வால்வு என்பது குக்கர் மூடி மாதிரி, இறுக்கி உட்கார்ந்தால்தான் அழுத்தம் நிற்கும். இரும்பு சூட்டில் நீளும் என்பதால் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்திருப்பார்கள். ஓட ஓட அந்த இடைவெளி தானாகவும் குறையும். நாமும் குறைக்கச் சொல்லுவோம், எப்படித் தெரியுமா? “டக்டக்னு சத்தம் வருது, டேப்பட்டை டைட் பண்ணுங்க” என்போம். அவரும் சத்தமே இல்லாமல் இறுக்கித் தருவார். நமக்கு சந்தோஷம். சூடானதும் வால்வு முழுசாக மூடாது, உதைத்து உதைத்துக் கால் போகும். கொஞ்சம் டேப்பட் சத்தம் இருக்கட்டும். ஆறின இன்ஜினில், அளவுத் தகடு வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள்.

சூடான வண்டியில் சோக்கை இழுத்து உதைக்கிற பழக்கமும் நிறையப் பேரிடம் இருக்கிறது. சோக் குளிர்ந்த இன்ஜினுக்கு மட்டும்தான். சூட்டில் இழுத்தால் பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்துவிடும்.

ஆயில் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் இன்ஜினே போகிறது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980இல் ஓசூரிலிருந்து வந்தது. அதன் பிறகு வந்த எக்ஸ்.எல். சூப்பர் வரைக்கும் ரெண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலந்துதான் போட வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்பது வழக்கமான கணக்கு. உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. ஆயில் விலையைப் பார்த்துப் பாதி ஊற்றினால், வெயில் நாளில் சுமையோடு போகும்போது பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 நாலு ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலோடு ஆயில் கலக்கவே கூடாது, இன்ஜினுக்குத் தனியாக ஆயில் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். பழைய வண்டியை மாற்றிப் புதுசு வாங்கியவர் பழைய பழக்கத்தில் ஆயில் கலந்து ஊற்றி, புகை தள்ளி, பிளக் கரியாகி நின்றதை நான் காட்டுமன்னார்கோயில் பக்கம் பார்த்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது, “இது ரெண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாலு ஸ்ட்ரோக் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை ஆயில் அளவு பாருங்கள். ஆயில்தான் உள் சூட்டையும் கொஞ்சம் இறக்குகிறது. குறைந்த ஆயில், தார் மாதிரி ஆன ஆயில் இரண்டும் வெயிலில் எதிரி.

நம் வண்டிகளில் அநேகமும் காற்றால்தான் ஆறுகின்றன. இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக வரி இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை, சூட்டை வெளியே விட. வயல் சேறும் மீன் செதிலும் ஆயில் கசிவும் சேர்ந்து அந்த இடைவெளியை மூடிவிட்டால் இன்ஜினுக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. ஆறின பிறகு பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். இன்ஜின் பக்கம் சாக்கு தொங்கவிட்டு ஓட்டாதீர்கள். ரயில்வே கேட்டில் நிற்கும்போது அணைத்துவிடுங்கள், ஓடாத வண்டிக்குக் காற்று இல்லை.

பின் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா என்றும் பாருங்கள். நடு ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். பிரேக் உரசினால் வண்டி சுமை இழுக்கிற மாடு மாதிரி ஆகிவிடும், நாம் ‘பிக்கப் இல்லை’ என்று இன்ஜினைத் திட்டுவோம். ஏர் ஃபில்டர் அடைப்பும் அப்படித்தான்.

பெட்ரோல் குழாயைக் குனிந்து பாருங்கள். மாற்றும்போது நீளமாகப் போட்டு, அது இன்ஜின் மேல் படிந்து கிடந்தால், குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டும். இன்னொன்று, இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர் எல்லாம் அதற்காகச் செய்தவை அல்ல. விறைத்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மாதக் கணக்கில் டேங்கில் பெட்ரோல் தேக்கி வைக்காதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் கார்ப்பரேட்டரே கிடையாது. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தால் அதற்கான கருவி உள்ளவரிடம்தான் காட்ட வேண்டும், தெருமுனையில் கழற்ற விடாதீர்கள்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலூரில் 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகியது, எதையும் நாம் மறக்கவில்லை. தண்ணீரில் முழுகிய வண்டிகளும் துடைத்து பாலிஷ் போட்டு விற்பனைக்கு வரும். சீட்டைத் தூக்கிப் பாருங்கள், ஹெட்லைட் உள்ளே சேற்றுக் கோடு இருக்கிறதா, ஒயர் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். 2018இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் பாதி விலை, அதிகபட்சம் 25 ஆயிரம் மானியம் கொடுத்தார்கள். அப்போது வாங்கிய வண்டிகளும் இப்போது கை மாறுகின்றன. ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், அது நீங்கிய பிறகுதான் பணம் கொடுங்கள்.

வண்டி பார்க்கக் காலையில் போகாதீர்கள், மதியம் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். போனதும் இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஏற்கனவே சூடாக இருந்தால், “ஏன், காலையிலயே ஓட்டினீங்களா?” என்று கேளுங்கள். குளிரில் எடுக்காத வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம். பிறகு பத்து கிலோமீட்டர் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். மறுபடி உதையுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், 26 ஆயிரம் உங்களுடையது.

இன்னொரு தொல்லையும் சொல்லிவிடுகிறேன். நாம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், “வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட சொல்லிக்கிறேன்” என்பார்கள். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோதும் ஊர் கேலி செய்யாமல் இல்லை. அவர்கள் ஓட்டினார்கள். பேச்சுக்கு பதில் பேச்சு வேண்டாம். குழு நோட்டு மாதிரி வண்டிக்கும் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். என்றைக்கு நின்றது, மணி என்ன, நிறுத்தாமல் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள், இழுத்து நின்றதா பட்டென்று நின்றதா, என்ன செய்ததும் ஓடியது. இந்த ஐந்தையும் எழுதி மெக்கானிக் கையில் கொடுங்கள். அந்த வயதான மெக்கானிக் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான், “உக்காருங்கம்மா” என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

பேசி முடித்ததும் கிள்ளை அக்கா ஒருவர், “சூடானா இன்ஜின் மேல தண்ணி ஊத்தலாமா?” என்று கேட்டார். ஊற்றவே கூடாது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் ஊற்றினால் கல் வெடிப்பது போல, இன்ஜினும் விரிசல் விடலாம். நிழலில் நிறுத்திக் காத்திருங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வண்டி வைத்திருப்பவர்கள் பஸ்ஸில் வராமல் வண்டியிலேயே வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோருடைய டேங்க் மூடியையும் பார்த்துவிடுவோம். ஆளுக்கொரு பழைய துணியும் ஒரு ஊசியும் கொண்டு வாருங்கள்.